பரம்படிக்கும் பத்து நிமிடம்

இரண்டு வருடத்துக்கு முன்னால், காரைக்குடி செக்காலையில் முத்தழகு மெஸ்ஸுக்குச் சாப்பிட வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு வர வேண்டியிருந்தது. குளிர்காலத்தில் சனி, ஞாயிறு காலைகளில், ஏழேகால் மணிவாக்கில் ஒரு தடவையும் எட்டு மணிவாக்கில் ஒரு தடவையும், பத்து நிமிடத்துக்குத் தோசை கிடையாது. முத்தழகு அக்கா கல்லில் தண்ணீரைத் தெளித்து, அடுப்பைக் குறைத்துவிட்டு, கையில் கரண்டியோடு டிவிக்கு முன்னால் வந்து நின்றுகொள்வார். அப்போது யாராவது "அக்கா, ஒரு முட்டைத் தோசை" என்றால் அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஆட்டோ ஓட்டும் அருள்பாண்டிதான் திரும்புவான்.

"ஏன்யா, பரம்படிக்கிறது கண்ணுக்குத் தெரியலயா? செத்த நேரம் வயித்தக் கட்டுனா கொறஞ்சா போவீக?"

டிவியில் ஓடுவது ஐஸ் ஹாக்கி. அமெரிக்காவின் வடகோடியில் ஒரு சின்ன ஊர்க் கல்லூரியின் அணி ஆடுகிற ஆட்டம். காரைக்குடிக்காரனுக்கு ஐஸ் என்றால் குச்சி ஐஸ், மீன் கடை ஐஸ், இழவு வீட்டு ஐஸ் பெட்டி. அதன்மேல் செருப்பில் கத்தியைக் கட்டிக்கொண்டு ஓடி, கறுப்பு வட்டு ஒன்றைக் கட்டையால் அடித்து, ஒருத்தனை ஒருத்தன் சுவரில் மோதிச் சாய்க்கிற விளையாட்டை இங்கே யார் கண்டது? ஆனால் இரண்டு வருடத்துக்கு முந்திய அந்தக் குளிர்காலத்தில், செக்காலை ஆட்டோ ஸ்டாண்டில் பத்துப் பேருக்கு அந்த அணியின் கோல்கீப்பர் எந்தப் பக்கம் விழுவான் என்பது வரை தெரிந்திருந்தது. பெரும்பாலும் தப்பான பக்கம்தான் விழுவான்.

இதற்கெல்லாம் வயர் இழுத்துக் கொடுத்தவன் நான். பெயர் சோமு. மெஸ்ஸுக்குப் பக்கத்துக் கதவு என் ஜெராக்ஸ் கடை. என் லேப்டாப்பை மெஸ் டிவியில் மாட்டி ஆட்டத்தை வர வைப்பது என் வேலை. நல்ல காரியம் செய்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் நினைத்துச் செய்த நல்ல காரியங்களில் பாதி இப்படித்தான் முடிந்திருக்கிறது.

முத்தழகு அக்காவுக்குச் சொந்த ஊர் கண்டரமாணிக்கம் பக்கம். கண்மாயை ஒட்டி மூன்று ஏக்கர் வயல். வீட்டுக்காரர் சேவுகப்பெருமாள் உழவில் கெட்டி, பேச்சில் மட்டம். ஒரே பையன் கதிரவன். பதினைந்து வயதிலேயே டிராக்டர் ஓட்டுவான். நாற்று நடுவதற்கு முன்னால் சேற்றைச் சமப்படுத்தப் பரம்படிப்பார்கள் அல்லவா, அதை அப்பன் அவனிடம் விட்டிருந்தார். கண்மாய்ப் பக்கத்து மூலையில் மட்டும் அவனுக்கு வண்டி சரியாகத் திரும்பாது. ஒரு பாய் அகலத்துக்கு மேடு நின்றுவிடும். "கண்மாய் மூலைய எவன்டா அடிப்பான், ஒங்க தாத்தனா வருவான்?" என்று அப்பன் கத்துவார். அந்த வயல் முழுவதிலும் அவர் வாய் திறந்து பேசியது அந்த ஒரு வாக்கியம்தான் என்று அக்கா சிரிப்பார். பையனைப் படிக்க வைக்க வேண்டும் என்று அக்கா காரைக்குடிக்கு வந்து மெஸ் போட்டார். பையன் படித்தான், மேல்படிப்புக்கு அமெரிக்கா போனான். போன இடத்தில் அவனுக்குக் கல்லூரியிலேயே ஒரு பகுதிநேர வேலை கிடைத்தது. ஐஸ் ஹாக்கி மைதானத்தில் வண்டி ஓட்டுவது.

அந்த ஆட்டத்துக்கு இரண்டு இடைவேளை. ஆடுகிறவர்கள் ஐஸைக் கீறிக் கிழித்துவிட்டு உள்ளே போனதும், டிராக்டர் மாதிரி ஒரு பெரிய வண்டி வரும். மேலே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பான். சுற்றிச் சுற்றி ஓட்டி, கீறலை வழித்து, தண்ணீரை விட்டு, ஐஸைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டுப் போவான். அந்த ஆள்தான் கதிரவன். "டிராக்டர் ஓட்டத் தெரியும்னேன், எடுத்துக்கிட்டாங்க. பரம்படிக்கிற வேலைதாம்மா இங்குட்டும்" என்று போனில் சொன்னானாம். ஊரிலிருந்து வந்திருந்த அப்பனும் அம்மாவும் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு என் கடை வரை கேட்டது.

அந்தச் சிரிப்புக்கு ஆயுசு குறைவு. அடுத்த தை மாதம் ஒரு வியாழக்கிழமை விடியலில் சேவுகப்பெருமாள் வயல் வரப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. நான்தான் கதிரவனுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அவன் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். சனிக்கிழமை சாயங்காலம் வந்துவிடுவேன் என்றான். ஐஸ் பெட்டி வந்தது. பெட்டியில் வைத்தால் சனிக்கிழமை என்ன, திங்கட்கிழமை வரைக்கும்கூடத் தாங்கும். ஆனால் பங்காளிகள் கூடி உட்கார்ந்தார்கள். "சனிப் பொணம் தனிப் போகாது" என்று ஒருவர் ஆரம்பித்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஊரில் பிள்ளைகுட்டிகள் இருக்கின்றன, சனிக்கிழமை எடுத்துவிட்டு அடுத்த இழவுக்கு யார் பதில் சொல்வது? வெள்ளிக்கிழமைக்குள் எடுத்துவிட வேண்டும் என்று முடிவாகிவிட்டது. அக்கா ஒற்றை ஆளாக என்ன பேசிவிட முடியும்? பெரியவர்கள் சொன்னதும் அவரும் பயந்துபோனார், அதுதான் உண்மை. பங்காளி மகன் மருது கொள்ளி வைத்தான்.

அங்கே கதிரவன் பாதி வழியில் பனிப்புயலில் மாட்டி ஒரு விமான நிலையத்தில் கிடந்தான். விமானம் எல்லாம் ரத்து. சொன்ன சனிக்கிழமைக்கும் அவனால் வந்திருக்க முடியாது. வெள்ளி ராத்திரி அவன் பேசியபோது அக்காவின் கைக்குப் போனைக் கொடுத்தவனும் நான்தான். அக்கா ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார்.

"கொள்ளி வச்சாச்சு. வேத்தாளு வச்சுட்டான். இனிமே வந்து யாரப் பாக்கப் போற? வரவும் வேணாம், பேசவும் வேணாம்."

அது அவன்மேல் வந்த கோபம் இல்லை. பங்காளிகளிடம் பேச முடியாத கோபம், தன்மேலேயே வந்த கோபம். எனக்குப் புரிந்தது. பத்தாயிரம் மைல் தள்ளி, தரையில் உட்கார்ந்திருந்தவனுக்கு எப்படிப் புரியும்? அவன் அந்தப் பக்கமே திரும்பிப் போய்விட்டான். அப்புறம் பேசவில்லை. அக்காவும் பேசவில்லை. எங்கள் பக்கத்து ரோஷத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பேச வேண்டாம் என்றவள் முதலில் பேசக் கூடாது, அது வார்த்தையை விழுங்கியது ஆகும். பேச வேண்டாம் என்று கேட்டவனும் பேசக் கூடாது, அது மானம் கெட்டது ஆகும். அப்புறம் யார்தான் பேசுவது? இன்னொரு சாவு விழுந்தால்தான் பேசுவார்கள். இப்படிப் பேசாமலே செத்த அண்ணன் தம்பிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒன்பது மாதம் கழித்து அக்கா என் கடைக்கு வந்து நின்றார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் மாதிரி மேஜையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்தக் காலேசு ஆட்டத்தக் கம்ப்யூட்டர்ல காட்டுவாகளாம்ல? நீக போட்டுக் குடுப்பீகளா?"

"போடுறேன்க்கா. கதிரவனுக்கும் ஒரு வார்த்தை..."

"அவன்ட்டச் சொன்னீக, என் மேல சத்தியம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. அது வசதியில்லாத சின்னக் கல்லூரி. ஒரே ஒரு கேமரா, மேலே எங்கேயோ கட்டி வைத்திருப்பார்கள். இடைவேளையில் போட விளம்பரம்கூட அவர்களுக்குக் கிடையாது. ஆகவே கேமரா பாட்டுக்கு ஐஸைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கதிரவன் உள்ளே வருவது முதல் வெளியே போவது வரை முழுசாகத் தெரியும். முகம் தெரியாது, ஒரு விரல் உயரம்தான் இருப்பான். இடது தோளைச் சாய்த்து உட்காரும் தோரணை அவன் அப்பனுடையது. அக்காவுக்கு அது போதும். டிவியில் இடது கைப்பக்கம், மேல் ஓரத்தில், அவன் திருப்பும்போது கொஞ்சம் விட்டுப் போவான். அங்கே மட்டும் ஐஸ் மங்கலாக நிற்கும். "கண்மாய் மூலைய விட்டுட்டான் பாருங்க" என்பார் அக்கா. ஒவ்வொரு தடவையும் சொல்வார். சொல்லிவிட்டுப் போய்த் தோசை ஊற்றுவார்.

சனிக்கிழமை ஆகாது என்று சொல்லி மகனை வரவிடாமல் செய்த ஊரில், சனிக்கிழமை காலைதான் மகனைப் பார்க்கிற நேரமாக வாய்த்தது.

அவனைப் பார்க்க ஆரம்பித்து, அந்த அணியும் எங்கள் தலையில் ஏறிக்கொண்டது. சட்டையில் கொம்பு வைத்த மிருகம் ஒன்று இருக்கும். அருள்பாண்டி அதற்குக் கொம்பன் டீம் என்று பெயர் வைத்தான். பெயரில்தான் கொம்பு. தொடர்ந்து ஒன்பது ஆட்டம் தோற்றார்கள். மஞ்சுவிரட்டில் வாடிவாசலை விட்டு வெளியே வராத மாடு மாதிரி நின்றார்கள். முகமூடி போட்ட கோல்கீப்பரை எல்லைக் கருப்பர் என்று கும்பிட்ட அருள்பாண்டி, பத்தாவது ஆட்டத்தில், "இம்புட்டுப் பேர உள்ள விடுற கருப்பர இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்று கை கழுவப் போய்விட்டான். ஆனாலும் அடுத்த வாரம் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தான். தோற்கிற அணியை விட்டுவிட்டு வர முடியாது போலிருக்கிறது. நாங்கள் இங்கிருந்து கத்தினால் அங்கே யாருக்குக் கேட்கும்? இருந்தாலும் தொண்டை கட்டும்வரை கத்தினோம்.

தையில் சேவுகப்பெருமாளுக்குத் தலைத்திவசம் வந்தது. மருதுவே செய்தான். அந்த வாரம் சனிக்கிழமை முதல் இடைவேளையில் வண்டி வந்தபோது, வழக்கமாகக் கம்பளித் தொப்பி போட்டிருக்கிற கதிரவன் தொப்பியில்லாமல் உட்கார்ந்திருந்தான். தலை மழுமழு என்று இருந்தது. அந்தக் குளிரில் மொட்டை அடித்திருந்தான்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு டிவிக்குக் கிட்டத்தில் போனார். கண்ணாடியில் அந்த விரலளவு ஆளின் தலையைத் தொட்டுப் பார்த்தார். "யாரு இவனுக்குத் தேதி சொன்னது?" என்றார். யாரும் சொல்லவில்லை, அவனே எண்ணி வைத்திருக்கிறான். அன்று கண்மாய் மூலையைப் பற்றி அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கே பேசியிருக்கலாம். போனை எடுத்து நீட்டினேன். வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "என்னன்னு ஆரம்பிப்பேன் தம்பி?" என்றார்.

அதற்குள் மாசி வந்தது. கதிரவனுக்கு அந்த மே மாதத்தோடு படிப்பு முடிகிறது. அடுத்த வருடம் அந்த வண்டியை வேறு யாரோ ஓட்டுவார்கள். கொம்பன் டீமுக்கும் ஆட்டங்கள் முடிந்துகொண்டு வந்தன. ஏழு அணியில் நாலாவதாக வந்தால் சொந்த மைதானத்தில் ஒரு நாக் அவுட் ஆட்டம் கிடைக்கும். வராவிட்டால் அத்தோடு சரி. அக்கா மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டார். "தாயே, நாலாவதா வரட்டும். இன்னொரு தரம் பாத்துக்கிறேன்" என்று அவர் கேட்டது எனக்குத் தெரியும், பக்கத்தில் நின்றேன். கடைசி வாரம் கொம்பன் டீம் இரண்டு ஆட்டம் ஜெயித்தது. எங்களுக்கு மேலே இருந்த அணி இரண்டிலும் தோற்றது. நாலாவது இடம்! அருள்பாண்டி ஆட்டோ ஹாரனை அழுத்திக்கொண்டே செக்காலை ரோட்டில் இரண்டு சுற்று வந்தான்.

நாக் அவுட்டுக்கு இரண்டு நாள் முன்னால் நான் சத்தியத்தை மீறினேன். கதிரவனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். "உங்கம்மா ஐப்பசியிலருந்து ஒரு ஆட்டம் விடாமப் பாக்குறாக. ஆட்டத்த இல்ல, உன்னைய. இந்தத் தடவ வண்டியில வரும்போது கேமராவப் பாத்து ஒரு கையத் தூக்கு, போதும்." இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு மெஸ்ஸில் உட்கார இடமில்லை. முதல் பகுதி முடியப் போகும்போது நான் அக்காவிடம் போய், "இன்னைக்குக் கதிரவன் கையத் தூக்குவான்க்கா" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் பின்னால் நகர்ந்தேன்.

"சத்தியத்த மீறிட்டீகளா?"

"மீறிட்டேன்க்கா."

அவர் உள்ளே போனார். குழாய்ச் சத்தம் கேட்டது. முகம் கழுவி, தலையைப் படிய வாரி, சேலையை உதறிக் கட்டிக்கொண்டு வந்தார். அவன்தான் கை தூக்கப் போகிறான், இவரை அவன் பார்க்கப் போவதில்லை. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். வந்து, அன்றைக்குத்தான் முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதல் பகுதி முடிந்தது. ஆடுகிறவர்கள் உள்ளே போனார்கள். டிவியில் ஒரு லாரி பனிமலையில் ஏறியது.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. லாரிக்கு அப்புறம் பீட்சா வந்தது. பீட்சாவுக்கு அப்புறம் கோட்டுப் போட்ட இரண்டு பேர் உட்கார்ந்து பேசினார்கள். அருள்பாண்டி என் தோளைப் பிடித்து உலுக்கினான். "வண்டி எங்கண்ணே? வேற எதையோ போட்டுட்டீக!" நான் எதையும் மாற்றவில்லை. பிறகுதான் ஓரத்தில் இருந்த சின்னத்தைப் பார்த்தேன். நாக் அவுட் ஆட்டம் என்பதால் பெரிய சேனல் ஒன்று எடுத்துக்கொண்டிருந்தது. ஐந்தாறு கேமரா. பெரிய சேனலுக்கு விளம்பரத்துக்குப் பஞ்சமா? பரம்படிப்பதை எவன் காட்டுவான்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே வரம் கொடுத்ததே வினையாகிவிட்டது. ஜெயிக்க வேண்டும் என்று கேட்டோம், ஜெயித்தார்கள். தோற்றுக்கொண்டே இருந்தவரைக்கும்தான் அவனைக் காட்டினார்கள்.

மறுபடி ஆட்டம் தெரிந்தபோது ஐஸ் ஈரத்தில் மின்னியது. அவன் வந்து போய்விட்டான்.

பழைய இணைப்பைத் தேடினேன். கல்லூரிப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். எங்கே தட்டினாலும் அந்தப் பெரிய சேனலுக்கே கொண்டுவந்து விட்டது. டிவியில் உன்னைக் காட்டவில்லை என்று கதிரவனுக்கு எழுதினேன், ஒற்றைக் கோட்டோடு நின்றது. வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும் என்று அவன் முன்பு சொன்னது ஞாபகம் வந்தது. இரண்டாவது இடைவேளையிலும் அதே லாரி, அதே மலை. அக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. விளம்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நடுவில் தப்பித் தவறி ஒரு நொடி காட்டிவிடுவார்கள் என்பது போல.

மூன்றாவது பகுதி முடியும்போது இரண்டுக்கு இரண்டு. சமன். நாக் அவுட்டில் சமன் என்றால் ஐஸை இன்னொரு தடவை சரிசெய்துவிட்டுக் கூடுதல் நேரம் ஆடுவார்கள். "இன்னொரு தரம் வருவான்டா!" என்று அருள்பாண்டி எழுந்து நின்று கத்தினான். அப்போது அந்த மெஸ்ஸில் கொம்பன் டீம் ஜெயிப்பதைப் பற்றி ஒருத்தனுக்கும் கவலை இல்லை. மூன்றாவது தடவையும் லாரி மலை ஏறியது. விளம்பரம் முடிந்து படம் திரும்பியபோது, மூலையில் கதவு மூடிக்கொண்டிருந்தது. அதன் இடுக்கில் வண்டியின் பின்பக்கம் ஒரு முழம் தெரிந்தது. அவ்வளவுதான். கூடுதல் நேரத்தில் நாலாவது நிமிடம் கருப்பர் தப்பான பக்கம் விழுந்தார். கொம்பன் டீமுக்கு அந்த வருடம் முடிந்தது.

எல்லாரும் எழுந்து போனார்கள். சாப்பிட்ட இலைகூட எடுக்காமல் கிடந்தது. அக்கா டிவியை அணைக்கவில்லை, அடுப்பையும் கூட்டவில்லை. நான் அந்தச் செய்தியை அனுப்பாமல் இருந்திருந்தால், இது தோற்ற ஆட்டம் என்று மட்டும் போயிருக்கும்.

ஒரு மணி நேரம் கழித்து என் போன் அதிர்ந்தது. கதிரவன் எழுதியிருந்தான். நான் இடையில் அனுப்பியதை, அது ஒற்றைக் கோட்டோடு நின்றபோதே, அவன் படிக்கும் முன்னால் அழித்திருந்தேன். அந்த ஒன்றைத்தான் அன்றைக்கு உருப்படியாகச் செய்தேன். பிறகு அவன் எழுதியதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அண்ணே, மூணு தடவையும் கும்பிட்டேன். மூணாவது தரம் கேமராவுக்கு நேரா வண்டிய நிறுத்தி, எந்திரிச்சு நின்னு கும்பிட்டேன். நிறுத்தக் கூடாதாம், மேலதிகாரி திட்டிட்டாரு. இங்க ஆயிரம் பேரு யாரக் கும்பிடுறான்னு திரும்பிப் பாத்தாங்க. அம்மா பாத்தாங்களா?"

டிவியில் வேறு ஏதோ ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. "என்னக்கா எழுதட்டும்?" என்றேன்.

"பாத்தேன்னு போடுங்க."

போட்டேன். பதின்மூன்று மாதத்துக்குப் பிறகு அம்மா மகனுக்குச் சொன்ன முதல் வார்த்தை அது.

"கண்மாய் மூலைய இன்னைக்கும் விட்டுட்டான்னு போடுங்க."

அதையும் போட்டேன். உடனே இரண்டு நீலக் கோடு விழுந்தது. எழுதுகிறான், நிறுத்துகிறான், எழுதுகிறான் என்று காட்டியது. கடைசியில் ஒரு வரி வந்தது. "அப்ப அம்மா நெசமாவே பாத்திருக்காங்க."

அக்கா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். அப்புறம் எழுந்து போய்க் கல்லில் தண்ணீர் தெளித்தார். ஆறிப்போன கல், சத்தமே வரவில்லை. அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"வெளம்பரம் போட்டாகன்னு எம் மகன்ட்டச் சொல்லிராதீக தம்பி. நான் செத்த பெறகும் சொல்லிராதீக. இந்தச் சத்தியத்தையாச்சும் மீறாதீக."